தாழை மணம் அறியாதவன்

ஐப்பசி அடைமழை சற்றே ஓய்ந்திருந்த ஓர் அந்திப் பொழுது. மேற்கே மலைத்தொடருக்குப் பின்னால் கதிரவன் மறைந்துகொண்டிருக்க, கிழக்கே எழுந்த முழுமதி பெண்ணையாற்றின் கலங்கல் வெள்ளத்தின் மீது மெல்ல மெல்லத் தன் ஒளியைப் பரப்பத் தொடங்கியிருந்தது. வேறு ஓர் ஆண்டாக இருந்திருந்தால் அந்த நிலவொளியில் படகுகள் மிதந்திருக்கும். படகுகளில் பாணர்களின் யாழிசை எழுந்திருக்கும். கரையோரத்து ஞாழல் மரங்கள் பொன்னிறப் பூக்களை நீரில் உதிர்த்து வேடிக்கை பார்த்திருக்கும். அன்றோ மேலாற்றில் எரியூட்டப்பட்ட ஊர்களின் கரிந்த உத்தரங்களும், வயிறு ஊதிய கால்நடைகளுமே அந்த வெள்ளத்தில் மிதந்து வந்துகொண்டிருந்தன.

ஆற்றின் தென்கரையில், பாறைத்திட்டு ஒன்றின் மேல் எழுந்து நின்றது குவளைக்கோட்டை. வடகரையிலோ கண்ணுக்கு எட்டிய தூரமெல்லாம் கருங்குன்றத்துத் தலைவன் கடுவரையனின் பாசறைத் தீக்கள். இரண்டுக்கும் நடுவே காவலாக நின்றது வெள்ளம் ஒன்றுதான். அது வடியும் நாளை ஒரு கரை ஆவலோடு எதிர்நோக்கியிருந்தது. மறு கரை அதே நாளை எண்ணி நடுங்கிக்கொண்டிருந்தது.

அத்தகைய வேளையில், ஒரு கையில் சிறு விளக்கும் மறு கையில் தைலச் சிமிழ்கள் அடுக்கிய மரப்பேழையும் ஏந்தி, மதிலின் உட்புறப் படிகளில் ஒரு பெண் ஏறிச் சென்றாள் என்றால், வாசகர்கள் அவளை அந்தப்புரத்து ஒப்பனைக்காரி என்று எண்ணிவிடக் கூடும். பூதிநங்கை ஒப்பனைக்காரி அல்லள். கீழைக் கடல் துறைகளிலிருந்து அகிலும் கருப்பூரமும் கொண்டுவந்து விற்ற வணிகர் ஒருவரின் மகள் அவள். சமணப் பெரும்பள்ளியில் மருத்துவம் பயின்று, இளம் வயதிலேயே, நறுமணத் தைலங்கள் காய்ச்சும் அரண்மனைக் கந்தசாலையின் பொறுப்பை ஏற்றவள். போரில் பட்ட புண்களை மற்ற மருத்துவர்கள் கட்டினார்கள்; புண் ஆறிய பின்னும் ஆறாமல் நின்ற நடுக்கத்தை அவளிடம் அனுப்பினார்கள். இரவில் அலறி எழும் வில்வீரனுக்கு வெட்டிவேர்த் தைலத்தை உள்ளங்காலில் தேய்த்து உறங்கவைப்பாள். மகனை இழந்து சோறு இறங்காமல் கிடந்த தாய்க்கு மருக்கொழுந்தும் துளசியும் சேர்த்துக் காய்ச்சிய எண்ணெயை நெற்றியில் இட்டு, பசி என்ற ஒன்று இருப்பதை உடலுக்கு நினைவூட்டுவாள். மூச்சு முட்டியவர்களை நொச்சி இலை ஆவி எழும் வேதுக்குள் அமர்த்துவாள். எல்லோரும் தேறினார்கள் என்று சொல்ல முடியாது. ஆனாலும் அவள் பேழையைத் திறக்கும் ஒலி கேட்டாலே நோயாளிகள் கிடந்த ஆதுலர்சாலையில் முனகல் குறையும்.

அன்று மாலை அவளை அரசரே தம் மகனிடம் அனுப்பியிருந்தார்.

முன்பு நடந்த போரில், பகைவர் வீசிய சுண்ணப்பொடி கண்களில் பட்டு, குவளைக்கோட்டை அரசர் நீலவரையர் பார்வையை இழந்தார். அதே போரில்தான், மீசை அரும்பாத வயதில், அவருடைய ஒரே மகன் வயிரமேகன் சிறைபிடிக்கப்பட்டுக் கருங்குன்றத்துப் பாதாளச் சிறைக்குக் கொண்டுசெல்லப்பட்டான். ஆண்டுகள் பல உருண்டோடின. அவன் இறந்துவிட்டான் என்றே நாடு நம்பியது. அப்படியிருக்க, சென்ற புரட்டாசியில், வெள்ளம் சுழித்தோடும் ஆற்றை நீந்திக் கடந்து, கோட்டையின் நீர்வாசலில் வந்து விழுந்தான் ஒருவன். முகத்தின் ஒரு பாதி தீயில் வெந்து சுருங்கியிருந்தது. "நான் வயிரமேகன், கதவைத் திறவுங்கள்" என்றான். பட்டத்து யானையின் பெயரைச் சொன்னான். தாய் பாடிய தாலாட்டைச் சொன்னான். தோட்டத்துக் கிணற்றில் விழுந்த மான்குட்டியைத் தந்தை தாமே இறங்கி மீட்ட கதையைச் சொன்னான். அரசர் அவனை ஆரத் தழுவிக்கொண்டார். கோட்டையெங்கும் முரசு முழங்கியது. முற்றுகையில் சோர்ந்திருந்த வீரர்கள் மறுபடி வேல்களைத் தீட்டத் தொடங்கினார்கள்.

ஆனால் மீண்டு வந்த இளவரசருக்கு உறக்கம் வரவில்லை.

பூதிநங்கை அறைக்குள் நுழைந்தபோது பட்டு மெத்தை விரித்த கட்டில் கலையாமல் கிடந்தது. அவரோ தரையில், கதவை ஒட்டிய சுவரில் முதுகைச் சாய்த்து அமர்ந்திருந்தார்.

"இளவரசே, அரசரின் ஆணைப்படி வந்திருக்கிறேன். தங்கள் பாதங்களைச் சற்று நீட்ட வேண்டும்."

"என் பாதங்களையா? வேண்டாம், நங்கையே. தாங்கள் என் கால்களைத் தொடுவது தகாது."

"மருத்துவருக்குக் காலும் தலையும் ஒன்றுதான்," என்று சொல்லிக்கொண்டே அவள் தரையில் அமர்ந்து சந்தனாதித் தைலத்தை விளக்கின் சூட்டில் இளக்கினாள். அந்தப் பாதங்கள் தடித்துக் காய்ப்பேறியிருந்தன. சிறையில் கிடந்தவரின் கால்கள் வேறு எப்படி இருக்கும் என்று எண்ணிக்கொண்டாள்.

சற்று நேரம் கழித்து அவர் கேட்டார்: "இந்தத் தைலம் எல்லோருக்கும் பலிக்குமா?"

"பெரும்பாலோருக்குப் பலிக்கும்."

"தீயவர்களுக்கும்?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். வேகாத பாதி முகத்தில் தெரிந்த கண் அவளை அல்ல, விளக்கை நோக்கியிருந்தது. "நல்லவன் தோல், தீயவன் தோல் என்று எண்ணெய்க்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது, இளவரசே. ஏன் கேட்கிறீர்கள்?"

"சும்மாதான் கேட்டேன்," என்றார் அவர். நெடுநாளைக்குப் பிறகு அன்றைக்குத்தான் அவர் கண்ணயர்ந்தார், உட்கார்ந்தபடியே.

அதன்பின் ஒவ்வோர் அந்தியிலும் அவள் வந்தாள். சாளரங்களில் நனைத்த வெட்டிவேர்த் தட்டிகளைத் தொங்கவிட்டாள். இலாமிச்சை வேர் ஊறிய எண்ணெயை அவர் நெற்றிப்பொட்டில் இட்டாள். பகலில் அவர் மதிலைச் சுற்றி வந்தார்; காயம்பட்டவர்களுக்குத் தாமே கஞ்சி ஊட்டினார்; ஒரு கிழச் சிப்பாய் ஏதோ சொல்லப்போக, வெந்துபோன அந்த முகம் கோணிச் சிரித்ததை ஒருநாள் பூதிநங்கை தூரத்திலிருந்து கண்டாள். அன்று கந்தசாலைக்குத் திரும்பியவள், அடுப்பில் காய்ந்துகொண்டிருந்த எண்ணெயைக் கருகவிட்டுவிட்டாள். இருபத்தெட்டு வயதுவரை எவருக்காகவும் அவள் ஒரு துளித் தைலத்தைக்கூட வீணாக்கியதில்லை. தனக்கு என்ன நேர்ந்துவிட்டது என்பது அவளுக்குப் புரிந்தது. புரிந்ததும் அச்சமாக இருந்தது.

கார்த்திகை பிறந்தது. மழை நின்றது. ஆற்றில் மணல்திட்டுகள் ஒவ்வொன்றாகத் தலைகாட்டலாயின.

ஒரு மாலையில் அரசர் நீலவரையர் அவளை அழைத்து, தந்தச் சிமிழ் ஒன்றை அவள் உள்ளங்கையில் வைத்தார்.

"பூதி, இது என் தேவி பூசிய தாழம்பூத் தைலம். அவள் மறைந்த பின் மிஞ்சியது இவ்வளவுதான். கைக்குழந்தையாக இருந்தபோது வயிரமேகன் இந்த மணத்தில்தான் உறங்குவான். இது இல்லாவிட்டால் அழுது ஊரைக் கூட்டுவான். இன்று இதை அவன் அருகே திற. அவன் முகம் எப்படி மாறுகிறது என்று பார்த்து வந்து எனக்குச் சொல். எனக்குத்தான் கண் இல்லையே."

அவள் சென்றாள். அவர் அருகே அமர்ந்து சிமிழைத் திறந்தாள். கடற்கரைத் தாழங்காடு முழுவதும் அறைக்குள் நுழைந்துவிட்டாற்போல் கமகமவென்று எழுந்தது மணம். பிறந்த வீட்டின் வாசனை மனிதனை என்ன பாடு படுத்தும் என்பதை அவள் நன்கு அறிவாள். கல் போன்ற படைத்தலைவர்கள் ஒரு கொத்து மருதோன்றிப் பூவை முகர்ந்துவிட்டு விம்மியதைக் கண்டவள். ஆகவே அவர் அழுவார் என்று காத்திருந்தாள். அழுதால் தேற்றுவதற்கு என்ன சொல்வது என்றுகூட யோசித்துவைத்திருந்தாள்.

அவரோ மரியாதையோடு புன்னகைத்தார். "நல்ல மணம். இது என்ன பூ, நங்கையே?"

அவள் சிமிழை மூடினாள்.

"தாழை," என்றாள்.

அந்தச் சொல்லைக் கேட்டதும் அவர் முகம் மாறியது. கண்டுகொள்ள வேண்டிய எதையோ தவறவிட்டவனின் திகில் அதில் படர்ந்தது. "ஆம், தாழைதான்! அன்னையார்..." என்று தொடங்கிப் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

அரசரிடம் திரும்பிய பூதிநங்கை, "இளவரசர் பேச்சற்றுப் போனார், அரசே" என்று மட்டும் சொன்னாள். அது பொய்யல்ல, உண்மையும் அல்ல. நீலவரையர் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை.

மறுநாள் அந்தியில் கொசுக்கள் படையெடுத்து வந்தன. வடிந்த வெள்ளம் விட்டுச்சென்ற குட்டைகளிலிருந்து அவை கூட்டங்கூட்டமாக எழுந்து கோட்டையை மொய்த்தன. பூதிநங்கை இளவரசரின் அறையில் இருந்தபோது, பணியாளர் இருவர் தூபக்காலில் கனலை அள்ளி வந்து, அதன்மேல் கைநிறையக் குங்கிலியத்தைத் தூவினார்கள். அடர்ந்த வெண்புகை சுருள் சுருளாக எழுந்து சுவரில் படிந்தது.

இளவரசரின் உடல் விறைத்தது. கண்கள் திறந்திருந்தும் எதையும் பார்க்கவில்லை. மறுகணம் அவர் எழுந்தார். சிறையில் அடைபட்டவனைப்போல் அவர் மூலையில் ஒடுங்கவில்லை. கால்களை அகட்டி நின்றார். வலக்கை இடுப்புக்குச் சென்று, அங்கே இல்லாத ஏதோ ஒன்றைத் தடவி, விரல்களால் ஒவ்வொன்றாகத் தள்ளித் தேடியது. தொண்டையிலிருந்து எழுந்த குரல் அதுவரை எவரும் கேட்டிராத முரட்டுக் குரல்.

"ஏய், தட்ட நீட்டுடா! சோறு வேணுமா வேணாமா? எத்தன தடவ சொல்றது, கதவத் தட்டாதேன்னு!"

பணியாளர்கள் வாய் பிளந்து நின்றார்கள்.

"இளவரசருக்குக் காய்ச்சல். பிதற்றுகிறார். தூபத்தை எடுத்துக்கொண்டு வெளியே செல்லுங்கள்!" என்றாள் பூதிநங்கை. அவர்கள் சென்றதும் கதவைத் தாழிட்டுவிட்டுத் திரும்பினாள். அவன் நினைவு திரும்பி, தன் வெற்று இடுப்பையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"சாவிக் கொத்து," என்றாள் அவள் மெதுவாக. "அதைத்தான் தேடினீர். நீர் சிறையில் இருந்தவர் அல்ல. சிறையைக் காத்தவர்."

அவன் மறுக்கவில்லை. தரையில் அமர்ந்தான். "கருங்குன்றத்தில் பந்தங்களுக்குக் குங்கிலியம்தான் போடுவார்கள், தாயே. அந்தப் புகையிலேயே வளர்ந்தவன் நான். என் பேர் காடன்."

"இளவரசர் எங்கே?"

"போன ஆடியில் செத்துப்போனார்."

அரண்மனைத் தமிழ் அவனை விட்டு முற்றிலும் விலகியிருந்தது. ஏதோ பாரத்தை இறக்கிவைப்பவனைப்போல அவன் பேசிக்கொண்டே போனான்.

"அத்தனை வருஷமும் அவர் கதவுக்கு வெளியே உட்கார்ந்திருந்தது நான்தான். பேச்சுத் துணைக்கு அவருக்கு வேறே ஆள் கிடையாது. யானையின் பேர், தாலாட்டு, மான்குட்டி எல்லாம் கதவிடுக்கு வழியாக அவர் சொன்னதுதான். அவர் தமிழைக் கேட்டுக் கேட்டு நானும் பேசக் கற்றேன். தாழம்பூ என்றும் சொல்லியிருக்கிறார். ஆனால் கருங்குன்றத்தில் தாழை ஏது? பேரை அறிவேன், அது எப்படி மணக்கும் என்று எனக்குத் தெரியாது." அவன் சிரிப்பதுபோல் மூச்சுவிட்டான். "காய்ச்சல் கண்டபோது, கதவைத் திற காடா, ஒரே ஒரு தடவை வெளிக்காற்றை முகர்ந்துவிட்டுச் சாகிறேன் என்று கெஞ்சினார். திறக்காதே என்பது தலைவரின் உத்தரவு. சாவி என் இடுப்பில்தான் இருந்தது. நான் திறக்கவில்லை. பிறகு தட்டுவது நின்றுபோனது."

"அதன்பின் அவர் பெயரையே பூண்டு வந்தீரா!" அவள் குரலில் அருவருப்பும் அழுகையும் கலந்திருந்தன. "எதற்காக?"

"நானாக வரவில்லை, அனுப்பினார்கள். முகத்தில் அவர்களே தீ வைத்தார்கள். என் தம்பி தாயன் உழுது பிழைக்கிறவன், பெண்டாட்டி பிள்ளை உள்ளவன். அவன் இப்போது கடுவரையனின் காவலில் இருக்கிறான். வெள்ளம் வடிந்ததும், விடியலில் நான் நீர்வாசலைத் திறந்து வெள்ளைத் துணி காட்ட வேண்டும். காட்டாவிட்டால் தாயன் பிழைக்க மாட்டான்." அவன் தலையைத் தூக்கினான். "நாளைக் காலை நீர்வாசலின் சாவியை அரசர் என் கையில் தரப்போகிறார். நீங்கள் காவலரைக் கூப்பிடுங்கள், தாயே. எனக்கு இதற்கு மேல் தெம்பில்லை."

காவலரை அழைக்க அவள் வாய் திறந்ததும் உண்மை. அழைக்க முடியாமல் போனதும் உண்மை. காயம்பட்டவனுக்குக் கஞ்சி ஊட்டிய கைகளும் கதவைத் திறக்க மறுத்த கைகளும் ஒரே கைகளாக இருந்தன. அவற்றை அவள் நேசித்திருந்தாள்.

"எழுந்திரும்," என்றாள் இறுதியில். "அரசரிடம் போகலாம். அவர் மகன் எப்படி இறந்தார் என்பதை உம் வாயால் சொல்லும்."

நீலவரையர் தம் அறையில் தனியே அமர்ந்திருந்தார். காலடி ஓசைகளைக் கேட்டதும் முகத்தைத் திருப்பினார். காடன் அவர் காலடியில் விழுந்து அனைத்தையும் சொன்னான். வெளிக்காற்றுக்காகக் கெஞ்சிய கட்டத்தில் அரசரின் கை ஆசனத்தின் விளிம்பை இறுகப் பற்றியது. மற்றபடி அவர் அசையவேயில்லை.

"என் மகன் நடை பழகும்போது விழுந்து இடத்தோளை முறித்துக்கொண்டான்," என்றார் அரசர். "அந்த எலும்பு மேடிட்டே கூடியது. முதல் நாள் உன்னைத் தழுவினேனே, அப்போதே உன் தோள் எனக்குச் சொல்லிவிட்டது."

பூதிநங்கை திகைத்துப்போனாள். "அறிந்துமா, அரசே..."

"அறிந்துதான் வைத்திருந்தேன். மகன் வந்தான் என்று என் வீரர்கள் மறுபடி எழுந்து நின்றார்கள், பூதி. அவர்களை எப்படி உட்காரச் சொல்வேன்? இன்னொன்றும் உண்டு. என் பிள்ளையின் பேச்சை அத்தனை ஆண்டு கேட்டவன் இவன் ஒருவன்தான். இவன் வாயிலிருந்து அவன் சொற்கள் வரும்போது, பாழும் மனம் அதைக் கேட்டுக்கொண்டே இருக்க ஆசைப்பட்டது. தாழம்பூவைக் கொடுத்தனுப்பியது, இவன் தோள் சொன்னது எங்கேனும் பொய்யாகியிருக்காதா என்ற நப்பாசையில்தான்."

"என்னைக் கழுவில் ஏற்றிவிடுங்கள், அரசே," என்றான் காடன்.

"ஏற்றினால்? இளவரசன் பொய் என்ற செய்தி பொழுது விடிவதற்குள் கோட்டையெங்கும் பரவும். மனம் உடைந்த படை ஒரு நாள் தாங்காது. இந்த மதிலுக்குள் இருக்கும் பெண்டு பிள்ளைகள் என்ன ஆவார்கள் என்பதை மேலாற்றிலிருந்து மிதந்து வருபவை உனக்குச் சொல்லவில்லையா?" அரசர் எழுந்தார். குருட்டு விழிகள் காடனின் தலைக்கு மேலே எங்கோ நிலைத்திருந்தன. "கேள். என் மகனுக்குக் கதவு திறக்காத காடன் இன்று இறந்தான். அவனுக்கு இனி ஊர் இல்லை, உறவு இல்லை, பெயரும் இல்லை. இங்கே எஞ்சியிருப்பவன் வயிரமேகன். என் மகன் வாழ வேண்டிய வாழ்க்கையை நீ வாழ்வாய். அவன் செய்ய வேண்டிய போரைச் செய்வாய். உன் வாயால் உன் பெயரை ஒருநாளும் சொல்ல மாட்டாய். இதுதான் உனக்கு நான் இடும் தண்டனை."

"என் தம்பி...?"

"வயிரமேகனுக்குத் தம்பி கிடையாது."

"அரசே! அந்த உழவன் என்ன பிழை செய்தான்?" என்று பதறினாள் பூதிநங்கை.

"என் மகன் என்ன பிழை செய்தான்?" என்றார் நீலவரையர். அப்போதுதான் முதன்முறையாக அவர் குரல் உடைந்தது.

வெளியே ஆதுலர்சாலையிலிருந்து யாரோ ஒரு குழந்தையின் இருமல் கேட்டது. பிறகு காடன் அரசரின் வாளைத் தொட்டு, அவ்வாறே வாழ்வதாகச் சத்தியம் செய்தான். பூதிநங்கையும் அதே வாளைத் தொட்டு, காடன் என்ற பெயரை எக்காலத்தும் உச்சரிப்பதில்லை என்று சத்தியம் செய்தாள். தொட்டபோது இருவர் விரல்களும் ஒருகணம் உரசின. அவன் கையை இழுத்துக்கொண்டான்.

மறுநாள் விடியலில் நீர்வாசல் திறந்தது. வெள்ளைத் துணி அசைந்தது. கடுவரையனின் முன்னணிப் படை ஆரவாரமின்றி ஆற்றைக் கடந்து, வாசல் வளைவுக்குள் வரிசை வரிசையாக நுழைந்தது. உட்கதவு திறக்கவேயில்லை. மேலிருந்து கொதிக்கும் எண்ணெயும் பாறைகளும் அம்புகளும் பொழிந்தன. எண்ணெயை ஆறுதலுக்கு மட்டுமே காய்ச்சிப் பழகிய பூதிநங்கை அந்த நாற்றத்தை முகர்ந்து, மதில் ஓரமாகச் சென்று வாந்தியெடுத்தாள். உள்ளே வந்தவர்களில் ஒருவரும் திரும்பவில்லை.

அன்று பொழுது சாயும் வேளை. எதிர்க்கரையிலிருந்து வெண்கொடி ஏந்திய சிறு கூட்டமொன்று நடு ஆற்று மணல்திட்டுக்கு வந்தது. அவர்கள் நடுவே, கைகள் பின்னால் கட்டப்பட்ட நிலையில், கட்டுமஸ்தான ஓர் ஆள். மதில்மேல் வீரர்கள் திரண்டிருந்தார்கள். கவசம் பூண்ட இளவரசரும், அவர் தோளைப் பற்றியபடி பார்வையற்ற அரசரும், சற்றுத் தள்ளிப் பூதிநங்கையும் நின்றார்கள்.

தூதன் உரத்த குரலில் கூவினான்: "குவளைக்கோட்டை வீரர்களே! உங்கள் இளவரசன் என்றோ இறந்தான்! மதில்மேல் நிற்பவன் எங்கள் சிறைக்காவலன் காடன்! இதோ, அவன் கூடப்பிறந்த தம்பி! கேளுங்கள் இவனை! அடே காடா, கதவைத் திற! திறக்காவிட்டால் இவன் தலை இங்கேயே உருளும்!"

மதில்மேல் ஒரு சலசலப்பு எழுந்தது. நூற்றுக்கணக்கான கண்கள் இளவரசர் பக்கம் திரும்பின. வேல் பிடித்திருந்த கைகள் சில தளர்ந்தன. அரசரின் விரல்கள் அந்தத் தோளில் அழுந்தின.

"அந்த மனிதனை," என்றார் இளவரசர். குரல் எழும்பவில்லை. மறுபடி முயன்றார். "அந்த மனிதனை எனக்குத் தெரியாது!"

கருங்குன்றத்துக் காவலன் ஒருவன் தாயனின் கழுத்தில் வாளை வைத்தான். "சொல்லுடா! அவன் யார்? உன் அண்ணன்தானே? சொன்னால் பிழைப்பாய்!"

தாயன் தலையை நிமிர்த்தி மதிலைப் பார்த்தான். வெந்த முகத்தைப் பார்த்தான், கவசத்தைப் பார்த்தான், வரிசையாக நின்ற வீரர்களையும், அவர்களுக்குப் பின்னால் குழந்தைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு எட்டிப் பார்த்த பெண்களையும் பார்த்தான். அவன் மனத்தில் என்ன ஓடியது என்பதை யாரால் சொல்ல முடியும், வாசகர்களே? கோபமோ, மன்னிப்போ, அண்ணனை நன்கு அறிந்த ஒரு தம்பியின் தெளிவோ, நமக்குத் தெரியாது. அவன் சொன்னது மட்டும் மதில்வரை தெளிவாகக் கேட்டது.

"எங்கண்ணன் மொகத்துல தழும்பு கெடையாது. இவரு யாரோ பெரிய எடத்துப் புள்ள. நான் இவரப் பாத்ததே இல்ல!"

வாள் இறங்கியது.

மதில்மேல் எழுந்த ஆரவாரம் ஆற்றின் இரு கரைகளிலும் எதிரொலித்தது. 'வயிரமேகர் வாழ்க! இளவரசர் வாழ்க!' என்று அவர்கள் கூவக் கூவ, இளவரசர் கைப்பிடிச் சுவரைப் பற்றியபடி நின்றார். பூதிநங்கை அருகே சென்றாள். அவர் மெல்லச் சொன்னாலும் கேட்கும் தூரத்தில் நின்றாள், அவ்வளவுதான்.

தூதுக் கூட்டம் உடலை மணலிலேயே போட்டுவிட்டுப் பின்வாங்கியது. அந்தி மங்குவதற்குள் கோட்டையிலிருந்து படகு ஒன்று சென்று அதை எடுத்துவந்தது. பூதிநங்கை தானே அந்த உடலை மஞ்சள் நீரால் கழுவினாள். துண்டித்த கழுத்தைப் பட்டுத் துணியால் சேர்த்துக் கட்டினாள். மார்பிலும் கைகளிலும், ஏர் பிடித்துக் காய்த்துப்போன உள்ளங்கைகளிலும் சந்தனத் தைலத்தைப் பூசினாள். ஒரு பாதத்துக்கு வந்தபோது கை நின்றது. தான் பல மாலைகள் தேய்த்துவிட்ட பாதங்களின் அதே அமைப்பு, அதே அகன்ற விரல்கள். யாரும் பார்க்கும் முன் அவற்றைத் துணியால் மூடினாள்.

நீர்வாசலுக்கு வெளியே அகில் கட்டைகளால் சிதை அடுக்கப்பட்டிருந்தது. கொள்ளி வைக்க யாரும் முன்வரவில்லை. இறந்தவன் பகை நாட்டான், அவனுக்கு அங்கே உறவு ஏது? அப்போது இளவரசர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, பந்தத்தைத் தம் கையில் வாங்கினார்.

"வீரர்களே! உயிர் போகும் வேளையிலும் பொய் சொல்ல மறுத்து நம் வாசலில் இறந்தவன் இவன். இவனுக்கு இங்கே உறவினர் ஒருவரும் இல்லை. ஆகவே நானே கொள்ளி வைக்கிறேன்." அவர் குரல் இப்போது நடுங்கவில்லை. "கருங்குன்றத்துப் பாதாளச் சிறையில் எத்தனை கதவுகள் உண்டோ, அத்தனையையும் என் கையால் பெயர்த்து எரிப்பேன். உள்ளே கிடக்கும் கடைசி மனிதன் வெளிக்காற்றை முகரும்வரை நான் கட்டிலில் படுக்க மாட்டேன், சந்தனம் பூச மாட்டேன், முடி சூட மாட்டேன். இது பெண்ணையாற்றின் மேல் ஆணை!"

வீரர்கள் வேல்களை உயர்த்தி முழங்கினார்கள். பார்வையற்ற நீலவரையர் கைகளை நீட்டித் துழாவி வந்து, மேடில்லாத அந்த இடத்தோளைக் கண்டுபிடித்து, அதன்மேல் தம் நெற்றியை வைத்துக்கொண்டார். சிதையில் தீ ஏறியது. பூதிநங்கை கைகளில் சந்தன எண்ணெய் காயாமல் நின்றாள். அங்கே கூடியிருந்த அத்தனை பேரும் வாய்விட்டு உரைத்துக்கொண்டிருந்தது ஒரு பெயர். அவள் நாவின் நுனிவரை வந்து நின்றது வேறொரு பெயர். உதடுகளை இறுக மூடிக்கொண்டு, அவள் தீயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.